லூபஸோடு வாழ்வது எப்படி: புதிதாக நோய் தெரிந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லூபஸ் வந்தவர்கள் டாக்டரிடம் அடிக்கடி கேட்பது, "ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கும்மா." வீட்டில் அடிக்கடி கேட்பது, "பார்க்க நல்லாத்தானே இருக்கே?" இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அப்படியும் காலையில் பேஸ்ட் மூடியைத் திருக விரல் மடங்காது. குளித்துத் தலை துவட்டி முடித்ததுமே திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருக்கும். ரத்தப் பரிசோதனை நோயின் வேகத்தைச் சொல்லும். அந்த நாள் உங்களுக்கு எப்படிப் போனது என்று அதற்குத் தெரியாது. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது.

நோயைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு, ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். எஸ்.எல்.இ. என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம், நுரையீரலைச் சுற்றிய உறை, மூளை என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். தொற்றாது. புற்றுநோயும் இல்லை. ஏ.என்.ஏ. பரிசோதனை பாசிட்டிவ் என்பதால் மட்டும் லூபஸ் என்று முடிவு கட்டவும் முடியாது. நலமாக இருக்கும் பலருக்கும் அது பாசிட்டிவாக வரும். உறுதி செய்ய ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாத நோய் நிபுணர் வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு.

1950-களில் இந்த நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து ஆண்டைத் தாண்டவில்லை. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் பத்தாண்டைக் கடக்கிறார்கள். முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அடக்கி வைக்க மருந்து இருக்கிறது. ஆகவே கேள்வி மாறிவிட்டது. பிழைப்பாரா என்பது போய், பிழைத்த பிறகு என்ன மாதிரி வாழ்க்கை என்பதுதான் இப்போதைய கேள்வி.

படி 1: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

2007-இல் பிரிட்டனில் லூபஸ் நோயாளிகளையே உட்கார வைத்துப் பேசி, 'லூபஸ் கியூ.ஓ.எல்.' என்றொரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். கடந்த நான்கு வாரம் எப்படிப் போனது என்று 34 கேள்விகள், எட்டுத் தலைப்புகள்: உடல் இயக்கம், வலி, முன்கூட்டித் திட்டமிட முடிவது, தாம்பத்தியம், பிறருக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற எண்ணம், மனநிலை, உடல் தோற்றம், அசதி. ரத்தம் எடுக்கிற இடத்தில் இந்த எட்டில் ஒன்றைக்கூட யாரும் கேட்பதில்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

தினம் ராத்திரி இரண்டே வரி எழுதினால் போதும். தூக்கம் எத்தனை மணி நேரம், அசதி பத்துக்கு எவ்வளவு, வலி எங்கே, முகத்திலோ கையிலோ தடிப்பு வந்ததா, ஜுரம் உண்டா, அன்று வெயிலில் போனீர்களா. இரண்டு மாதம் எழுதிய பிறகு புரட்டிப் பார்த்தால் உங்கள் உடம்பின் போக்கு பிடிபடும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மூன்றாம் நாள் மூட்டு வீங்குகிறது, மாதவிலக்குக்கு முந்தைய வாரம் அசதி ஏறுகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

டாக்டர் முன்னால் உட்காரும்போது "ரொம்ப டயர்டா இருக்கு டாக்டர்" என்று சொல்லாதீர்கள். ஓ.பி.யில் வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். "போன மாசம் மொட்டை மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டேன். இந்த மாசம் பாதிப் படியிலேயே உட்கார்ந்துட்டேன்" என்று சொல்லுங்கள். அதை வைத்து அவரால் ஏதாவது செய்ய முடியும். ஹீமோகுளோபின் பார்ப்பார், இதயத்தைக் கவனிப்பார், மருந்தளவை மாற்றுவார். கேட்க வேண்டிய மூன்று விஷயங்களை நோட்டின் மேலேயே எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் மறந்துவிடும், எல்லாருக்கும் அப்படித்தான்.

படி 2: மாத்திரையோடு சமாதானம்

ஹைட்ராக்சிகுளோரோகுயின் அநேகமாக எல்லா லூபஸ் நோயாளிக்கும் உண்டு. மலேரியாவுக்கு வந்த மாத்திரை; அமெரிக்காவில் 1955-இலேயே லூபஸுக்கும் அனுமதி பெற்றது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால்தான் "சாப்பிட்டும் ஒண்ணும் ஆகலே" என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்ப மூண்டெழுகிற வாய்ப்பு கூடுகிறது. கொரோனா தொடங்கிய 2020-இல் அந்த மாத்திரைக்கு ஊரெல்லாம் அலைமோதியபோது, வருடக்கணக்காக அதை நம்பியிருந்த லூபஸ்காரர்கள் பல நாடுகளில் கடை கடையாக அலைந்தார்கள். பின்னால் கொரோனாவுக்கு அதனால் பயனில்லை என்று தெரிந்தது.

கண் கெட்டுவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் போட்டால் அந்த ஆபத்து குறைவு. 40 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப்படி 200 மில்லிகிராம், ஒரே மாத்திரை. ஆரம்பித்த முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

ஸ்டீராய்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நோய் மூண்டெழும்போது, அதாவது டாக்டர்கள் 'ஃப்ளேர்' என்கிற சமயத்தில், இதைவிட வேகமாக அடக்கும் மருந்து குறைவு. அதே சமயம் முகம் உப்பும், பசி பிடுங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், தூக்கம் கெடும். ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2023-இல் தந்த பரிந்துரை, நீண்டகாலத்துக்குத் தர வேண்டியிருந்தால் பிரெட்னிசோலோனை நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. பழைய சீட்டிலுள்ள அதே அளவு மாதக்கணக்கில் தொடர்ந்தால், "இதைக் குறைக்க முடியுமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நீங்களாகக் குறைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் சுரக்காமல் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் சாப்பிட்டபின் போட்டுவிட்டால் ராத்திரித் தூக்கம் ஓரளவு தப்பும்.

மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம். சிறுநீரகத்துக்கு அது எமன். சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் லூபஸ் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' லேகியம், பொடி, சூரணம் எல்லாம் வாட்ஸ்ஆப்பில் வந்துகொண்டேதான் இருக்கும். நமக்கு எதிர்ப்பு அமைப்பு அடங்க வேண்டும். அதைத் தூண்டிவிடக் காசு கொடுப்பானேன்?

படி 3: வெயிலுக்கு ஒரு ஏற்பாடு

புற ஊதாக் கதிர் பட்டால் பலருக்குத் தோலில் தடிப்பு வரும். சிலருக்கு அதோடு நிற்காது, மூட்டும் ஜுரமும் சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் வெயிலைத் தவிர்ப்பது என்றால் பாதி வாழ்க்கையைத் தவிர்ப்பதுதான். பஸ் ஸ்டாப், டூ வீலர், வடாம் காயப்போடும் மொட்டை மாடி, கோயில் வரிசை, பள்ளிக்கூட வாசல் என எல்லாமே வெயில்தான். அதனால் தவிர்ப்பதை விட ஏற்பாடு செய்துகொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

காலை பத்து முதல் மாலை நான்கு வரை வெளிவேலை வைக்காதீர்கள். முழுக்கை பருத்திச் சட்டை, துப்பட்டா, குடை. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனை முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. பட்டாணி அளவு தடவிவிட்டு "பலன் இல்லை" என்பவர்கள்தான் அதிகம். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி, வீட்டு ஜன்னல் கண்ணாடி வழியாகவும் கதிரில் ஒரு பகுதி உள்ளே வரும் என்பதால் ஜன்னலோர சீட்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.

குடை பிடித்துப் போகிற இளம்பெண்ணைப் பார்த்து "கறுத்துடுவோம்னு பயமா?" என்று கேட்க தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பதில் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வெயிலே படாததால் வைட்டமின் டி குறையும். பரிசோதித்து டாக்டர் சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அசதி, இதுதான் பெரிய விஷயம்

மூட்டு வலிக்கு மருந்து இருக்கிறது. தடிப்புக்கு இருக்கிறது. நோயாளிகளில் பெரும்பாலோரைப் படுத்துவது அசதிதான். அதற்கென்று தனி மாத்திரை கிடையாது. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அது. வீட்டில் இருப்பவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பது நோயைவிட வலிக்கும்.

முதலில், சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி குறைவு, ஸ்டீராய்டால் கெட்ட தூக்கம், மனச்சோர்வு, உடல் முழுக்க வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா எல்லாம் லூபஸோடு அடிக்கடி கூட வரும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு. 'லூபஸ்னா அசதி இருக்கத்தான் செய்யும்' என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவது டாக்டர்களும் செய்கிற தவறு.

அடுத்தது, இருக்கிற தெம்பைப் பங்கிடுவது. அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டின் மிசெராண்டினோ என்ற லூபஸ் நோயாளி, உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது "இந்த நோய் எப்படி இருக்கும்?" என்று கேட்ட தோழியிடம் மேசையிலிருந்த ஸ்பூன்களைத் திரட்டிக் கொடுத்தாராம். எழுந்தால் ஒன்று போச்சு, குளித்தால் ஒன்று, உடை மாற்றினால் ஒன்று. கையில் இருப்பது தீர்ந்தால் அன்றைய நாள் தீர்ந்தது. 2003-இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் நாள்பட்ட நோயாளிகள் 'இன்னிக்கு ஸ்பூன் இல்லை' என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டாருக்குப் புரியவைக்க நல்ல வழி இது. உங்கள் அடுக்களைக் கரண்டிகளை வைத்தே செய்து காட்டலாம்.

நல்ல நாளில்தான் ஏமாந்துபோவோம். உடம்பு லேசாக இருக்கிறதே என்று அன்றைக்கே பரணைச் சுத்தம் செய்து, மாவரைத்து, துணி துவைத்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது லூபஸ் வீடுகளில் சகஜம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் வேலையின் அளவு ரொம்ப மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் சூட்சுமம். வெங்காயம் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள். பெரிய குக்கரை ஒரு கையால் தூக்காதீர்கள். கைப்பிடி தடிமனாக உள்ள கத்தி, நெம்புகோல் வகைக் குழாய், தோசை மாவைக் கடையில் வாங்குவது எல்லாம் வீண் செலவு இல்லை. காலையில் விரல் பிடித்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்; பால் காத்திருக்கட்டும்.

அசதிக்கு உடற்பயிற்சி என்றால் கிண்டல் மாதிரி தோன்றும். ஆனால் ஆய்வுகளில் ஓரளவு பலன் காட்டியவற்றில் முக்கியமானது அதுதான். வெயில் ஏறுவதற்கு முன் பத்து நிமிட நடை, அடுத்த வாரம் பன்னிரண்டு என்று மெதுவாகக் கூட்டிப் போங்கள். ஃப்ளேர் சமயத்தில் மட்டும் ஓய்வு.

படி 5: சாப்பாடு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். லூபஸுக்கென்று பத்தியச் சாப்பாடு எதுவும் நிரூபணமாகவில்லை. சிறுநீரகம் பாதித்திருந்தாலோ ரத்த அழுத்தம் இருந்தாலோ ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைய வேண்டும். ஸ்டீராய்டு போடும்வரை சர்க்கரையிலும் மைதாவிலும் கை கட்டுப்பாடு. எலும்புக்குக் கேழ்வரகு, மோர், எள், சின்ன மீன். கத்தரிக்காய் கூடாது, தக்காளி கூடாது என்று சொல்பவர்களிடம் காரணம் கேளுங்கள். ஆல்ஃபால்ஃபா முளைகளும் மாத்திரைகளும் மட்டும் வேண்டாம். அதிலுள்ள ஒரு அமினோ அமிலம் நோயைத் தூண்டக்கூடியது. வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் வெளியே அனுப்புங்கள். நோயாளியே பிடிப்பவராக இருந்தால் மருந்தின் பலனும் குறையும்.

படி 6: கல்யாணம், கர்ப்பம், குடும்பம்

நோய் தெரிந்ததும் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி பல வீடுகளில் "இவளுக்குக் கல்யாணம் ஆகுமா?" என்பதுதான். இரண்டாவது, "மாப்பிள்ளை வீட்டில் சொல்லணுமா?" மறைத்துவிடலாம் என்று யோசனை சொல்லச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். என் அபிப்பிராயம்: நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதில் தர்ம நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், மருத்துவக் காரணமே போதும். தினமும் மாத்திரை போட வேண்டும். புகுந்த வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வைட்டமின் டப்பாவில் மாத்திரையைக் கொட்டி வைத்து, கூட்டம் இருக்கும் நாளெல்லாம் போடாமல் விட்டு, ஆறாம் மாதம் சிறுநீரகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடப்பது நடக்கிற கதைதான். சொல்லும்போது நீட்டி முழக்க வேண்டாம். இது தொற்றாது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, டாக்டர் சொன்ன நேரத்தில் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். முடிந்தால் அவர்களையும் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடல் மிக மிக அவசியம். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கி இருக்க வேண்டும். மைக்கோஃபீனோலேட், மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஆகியவை கருவுக்கு ஆகாது. முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடர வேண்டும். கர்ப்பம் என்றதும் பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நிறுத்துவதுதான் ஆபத்து. ஆன்டி-ரோ எதிர்ப்பொருள் உள்ள தாய்மாரில் 100-க்கு ஒருவர் இருவர் அளவில் குழந்தையின் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்பதால் நாலாவது மாதத்திலிருந்தே வயிற்றில் வைத்தே இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள் என்றொன்று உண்டு. அது இருந்தால் ரத்தம் எளிதில் உறையும், கரு திரும்பத் திரும்பக் கலையும். அந்தப் பெண்களுக்கு நம் ஊரில் 'ராசியில்லாதவள்' என்று பெயர். குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துக் கொடுத்தால் அவர்களில் பெரும்பாலோர் குழந்தை பெறுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய விஷயத்துக்கு எத்தனை பெண்கள் பேச்சு வாங்கினார்களோ. இந்த எதிர்ப்பொருள் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை போடக் கூடாது.

தாம்பத்தியம் பற்றி டாக்டர் கேட்க மாட்டார், நோயாளி சொல்ல மாட்டார். மூட்டுவலி, பிறப்புறுப்பு வறட்சி, அசதி எல்லாமே பேசினால் தீரக்கூடியவை. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: கண்ணாடியும் மனசும்

உப்பிய முகமும் கொட்டுகிற முடியும் இருபது வயதுப் பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஸ்டீராய்டு குறையக் குறைய முகம் பழையபடி ஆகும். முடியும் நோய் அடங்கினால் பெரும்பாலும் திரும்ப வளரும். தழும்பு விழுகிற டிஸ்காய்டு வகையில்தான் அந்த இடத்தில் வளராது, அதனால் தலையில் புண் போலத் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். "குண்டாயிட்டியே" என்பவர்களுக்கு "மருந்து வீக்கம்" என்ற இரண்டு சொல் போதும்.

தூக்கமின்மை, அழுகை, எதிலும் ஈடுபாடில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் நோயின் கணக்கிலேயே சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். லூபஸே மூளையைப் பாதித்திருக்கலாம், ஸ்டீராய்டாக இருக்கலாம், வாழ்க்கை தந்த பாரமாகவும் இருக்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

படி 8: வேலையும் காகிதங்களும்

வேலையை விடுவதற்கு முன், வேலையை மாற்றியமைக்கக் கேளுங்கள். ஜன்னலோரம் இல்லாத இடம், நின்றுகொண்டே செய்யும் வேலையில் ஒரு ஸ்டூல், பரிசோதனை நாளில் அரைநாள் விடுப்பு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. லூபஸ் அதில் இல்லை. ஆனால் நோயால் இடுப்பு மூட்டு கெட்டோ, பார்வை போயோ நிரந்தரக் குறை ஏற்பட்டால் அந்தக் குறைக்காகச் சான்றிதழ் கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். எது அதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரில் முன்கூட்டியே கேட்பது, படுக்கையில் விழுந்த பிறகு அலைவதைத் தவிர்க்கும். எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

படி 9: காத்திருக்கக் கூடாத நேரங்கள்

சிறுநீரகம் சத்தம் போடாமல் கெடும். வலியே இருக்காது. சிறுநீரில் நுரை, காலில் வீக்கம், ரத்த அழுத்த ஏற்றம் என்றால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்கக் கூடாது. ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வலிப்பு, திடீர்க் குழப்பம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, உடம்பில் ரத்தப் புள்ளிகள் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

ஜுரம் தனி விஷயம். ஃப்ளேராலும் வரும், கிருமியாலும் வரும்; எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு டெங்கு, காசநோய், நிமோனியா எல்லாமே சாத்தியம். இது ஃப்ளேர்தான் என்று நீங்களே முடிவு செய்து ஸ்டீராய்டைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். இன்ஃப்ளூயன்ஸா, நிமோகாக்கல் தடுப்பூசிகளை நோய் அடங்கியிருக்கும்போது போட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைக் கேட்காமல் போடக் கூடாது.

பர்ஸில் ஒரு சின்ன அட்டை இருக்கட்டும். நோயின் பெயர், மாத்திரைகளும் அளவும், ஒவ்வாமை, ரத்த வகை, டாக்டர் பெயர், வீட்டில் ஒருவரின் போன் எண். 'ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர், திடீரென நிறுத்தக் கூடாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதி, ராத்திரி அவசரப் பிரிவுக்குப் போனால் முதலில் அதைத்தான் டியூட்டி டாக்டரிடம் நீட்ட வேண்டும்.